கட்டியக்காரனின் நூறாவது சீடி

குருநகர் அடைக்கலநாதன் முப்பது வருடம் கூத்து ஆடியவர். அந்த முப்பது வருடத்தில் அவர் மேடையில் நின்ற நேரத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால் ஒரு பகல் பொழுதுகூட வராது. அவர் கட்டியக்காரன். அரசனுக்கு முன்னால் களரி மேடைக்கு வந்து, இன்னார் வருகிறார், வழி விடுங்கள் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். அரசன் வந்ததும் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த வேலை மத்தளக்காரருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பதுதான்.

அரசன் எப்போதும் சிமியோன். ஆள் நல்ல உயரம், அகன்ற நெஞ்சு, இதெல்லாம் போக, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் மகன். அண்ணாவியாரின் மகன் கட்டியம் சொல்லி எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. தனக்கும் பாட்டு வரும் என்று அடைக்கலநாதன் ஒவ்வொரு வருடமும் சொல்லிப் பார்ப்பார். வரட்டும், இந்த வருடம் கட்டியத்தைச் சொல்லு, பிறகு பார்ப்போம் என்பார்கள். பிறகு யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, சண்டை ஓய்ந்து கிடந்த நேரத்தில், அவருக்கு ஐம்பது வயதானது. மேடையில் அரசனாக விடாவிட்டால் போகட்டும், இறுவட்டில் அரசனாகிறேன் என்று ஒரு முடிவெடுத்தார். ‘பவளத்தீவு அரசன்’ என்று ஒரு கூத்தைத் தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, யாழ்ப்பாணத்தில் ஓர் ஒலிப்பதிவு அறையில் மூன்று நாள் நின்று பாடினார். அரசன் அவரே. மந்திரி அவரே. எதிரி நாட்டுத் தளபதியும் அவரே. பழக்கம் விடாமல் கட்டியக்காரனும் அவரே. அரசியின் பாகத்துக்காவது ஒரு பெண்பிள்ளையைப் பிடிப்போம் என்று மத்தளக்காரர் கெஞ்சினார். கூத்தில் பெண் வேடமும் ஆண்கள் கட்டுவதுதானே வழக்கம் என்று சொல்லி, காட்டுக்குத் துரத்தப்பட்ட அரசியின் புலம்பலையும் இருபத்திரண்டு நிமிடம் அவரே பாடித் தீர்த்தார். அட்டையிலும் சீடி மேலேயும் இரவல் வாங்கிய முடியோடு அவருடைய படம், அதன் கீழே ‘அனைத்துப் பாத்திரங்களும்: அடைக்கலநாதன்’ என்ற வரி.

இருநூறு சீடி அடித்தார்கள். வெளியீட்டு விழாவுக்கு ஊர் வந்தது, ரோல்ஸ் சாப்பிட்டது, தேத்தண்ணி குடித்தது, எழும்பிப் போனது. பதினொரு சீடி போனது. அதிலும் மூன்று மேடையில் இருந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தவை. சிமியோன் விழாவுக்கு வரவேயில்லை. கட்டியக்காரன் அரசன் பாட்டுப் பாடுவதைக் கேட்க அவருக்கு என்ன விதியா? அன்றோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

மிச்சம் நூற்றெண்பத்தொன்பதும் கட்டிலுக்குக் கீழே போயின. அடுத்து வந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் காணாமற்போகாத பொருள் இல்லை. இந்தப் பெட்டிகள் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தன. அவருடைய மனைவி சிசிலியா அதில் ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்டதில்லை. விழா முடிந்த மறுநாள் மீன் சந்தையில் நாலு பெண்கள், “சிசிலியாக்கா, உங்கடை மனிசன் ராணியாம், அப்ப ராசா நீங்களோ?” என்று கேட்டுவிட்டார்கள். அதோடு சரி. கேட்க மாட்டேன் என்று அந்தோனியார் மேல் சத்தியம் செய்துவிட்டாள்.

உண்மையில் யாருமே கேட்டதாகத் தெரியவில்லை. வாங்கிப்போன பதினொரு பேரில் ஒருவராவது நன்று என்றோ கேவலம் என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடலேரியில் தடி நட்டு வலை கட்டித் தொழில் செய்கிற மனிதர் அவர். தனியாக நின்று வலை பார்க்கும்போது இந்த ஒரு நினைப்புத்தான் வந்து நோண்டும். தன் குரல் யாருக்காவது வேண்டியிருக்கிறதா, இல்லையா? ஒன்பது வருடமாக இதற்குப் பதில் கிடைக்காமல் மனிதர் உள்ளுக்குள்ளே அழுதுகொண்டிருந்தார். வெளியே மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஒருநாள், பக்கத்து வீட்டு ஓட்டோக்காரன் லெனாட் ஒரு செய்தி கொண்டுவந்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பார்த்தீபன் என்று ஒருவன் பாட்டுக் கடை வைத்திருக்கிறான். கடை வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறானாம்: பழைய பாட்டுச் சீடி நூறு தாருங்கள், ஒரு எம்.பி.3 பிளேயர் கொண்டுபோங்கள். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணி வரைக்கும்.

அடைக்கலநாதனுக்கு அந்தப் பலகை தனக்கென்றே எழுதியதாகப் பட்டது. நூறு கொடுத்தால் ஒன்று. இன்னும் பதினொன்று சேர்ந்திருந்தால் இரண்டு. தன் குரலை எடுத்துக்கொண்டு ஒருவன் பதிலுக்கு ஒரு பொருள் தரப்போகிறான். அதை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடலேரியில் நிற்கலாம். எங்கே வாங்கினாய் என்று கேட்டால், என் பாட்டுக்குத் தந்தது என்று சொல்லலாம். அப்போதே பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றினார்.

பார்த்தீபன் முதல் பெட்டியைத் திறந்தான். இரண்டாவதையும் திறந்தான். ஒரு சீடியை எடுத்துப் பாட்டுச் செற்றில் போட்டு, மத்தளம் இரண்டு அடி அடித்ததும் நிறுத்தினான்.

“பாடுது. ஆனா ஐயா, எல்லாம் ஒண்டாயெல்லோ கிடக்கு.”

“ஓம் தம்பி. எல்லாம் புதுசு. ஒரு கீறல் இல்லை.”

“உதை நான் என்ன செய்யிறது? பஸ்காரரும் வான்காரரும்தான் என்னட்டைப் பழைய சீடி வாங்கிறவை. அவைக்கு வேறை வேறை பாட்டு வேணும். உதிலை ஒண்டை எடுக்கிறன். மற்றத் தொண்ணூத்தொன்பதும் வேறை வேறையாக் கொண்டுவாங்கோ.”

“முழுக்கக் கேட்டுப் பாத்திட்டுச் சொல்லும் தம்பி.”

“கடையிலை ஆக்கள் நிக்கினம் ஐயா.”

அடைக்கலநாதன் அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு, பெட்டிகளைத் திரும்ப ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டு வாசல் படலைக்கு வந்ததும்தான் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது.

குருநகரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து ஏனத்தில் ஏதாவது கொடுத்துவிட்டால், அந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. நாலு பச்சைமிளகாயாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் ஏனம் கொடுத்தவள் என்று பெயர் எடுத்தால் அவளுடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அந்தக் கதை வரும். அடைக்கலநாதன் இந்த வழக்கத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். ஒரு ஏனம், அதில் ஒரு பிடி இறால், இறாலுக்கு மேலே நனையாமல் ஒரு பொலித்தீன் பையில் ‘பவளத்தீவு அரசன்’. வீட்டுக்காரி வாங்கி உள்ளே போகும்போது பின்னாலேயே குரல் கொடுப்பார்.

“பிள்ளை, ஏனத்துக்குள்ளை ஒண்டும் போடவேண்டாம். பழைய பாட்டுச் சீடி ஒண்டு கிடந்தால் காணும்.”

ஊர் இறாலைத்தான் வாங்கியது என்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டார். பிலிப்பு வீட்டில், இறாலை எடுத்துக்கொண்டு சீடியைத் திருப்பித் தரட்டுமா என்று மரியாதையாகவே கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதான், பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் ஒன்றுக்கு மூன்றாகத் தந்து, இனிமேல் இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் சீடியும் இல்லை, அவர்கள் விடவும் இல்லை. வழக்கம் வழக்கம்தானே, ஒரு பெரிய பூசணிக்காயை ஏனத்தில் வைத்துத் தந்துவிட்டார்கள். அதைச் சுமந்துகொண்டு அன்று எட்டு வீடு ஏறினார்.

கிடைத்த சீடிகளை லெனாட்டின் ஓட்டோவில் இருந்த செற்றில்தான் போட்டுப் பார்த்தார்கள். பாட்டு என்று எழுதியிருந்த ஒன்று யாரோ ஒருவருடைய கலியாண வீட்டு வீடியோ. இன்னொன்று கனடாவுக்கு அனுப்புவதற்கென்று எடுத்த செத்தவீடு. படம் தெரியாது, அழுகை மட்டும் கேட்டது. லெனாட் ஆஸ்பத்திரி வாசலில் ஆள் ஏற்றுகிற நேரத்தில் அது ஓடத் தொடங்க, ஏறிய கிழவர் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

“இஞ்சாருங்கோ, விக்கிற இறாலையெல்லாம் நீங்கள் ஊருக்கு இறைச்சுக்கொண்டு திரியிறியள். விசர் ஏதும் பிடிச்சிட்டுதோ?” என்று சிசிலியா கேட்டாள். கேட்டாலும், கட்டிலுக்குக் கீழே இடம் வெளித்துக்கொண்டு வருவதைப் பார்க்க அவளுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அங்கே கூட்டுகிற தும்புத்தடி நுழைந்தது.

புதன்கிழமை ஏனத்தோடு போகும்போது சிமியோன் வீட்டு ஒழுங்கை குறுக்கே வந்தது. சிமியோன் ஒரு வருடத்துக்கு முன்னால் பாரிசவாதம் வந்து விழுந்தவர். இடக்கால் இழுத்துவிட்டது. அதன் பிறகு ஒரு கதிரையில் இருந்துகொண்டு யாரோடும் கதைப்பதில்லை என்று ஊரில் சொன்னார்கள். அடைக்கலநாதன் போய்ப் பார்க்கவில்லை. முதலில் கோபத்தில் போகவில்லை, பிறகு இவ்வளவு நாள் போகாததற்கு வெட்கப்பட்டுப் போகவில்லை. அன்று படலையில் சிமியோனின் மகள் ஜெசிதா நின்றாள். “மாமா, எங்கடை வீட்டை மட்டும் விட்டிட்டுப் போறியள்” என்றாள். ஏனத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் கொண்டுவந்த பாட்டுச் சீடியை வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமலே திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

“அதையாவது வீட்டிலை வைச்சிருங்கோவன்” என்றாள் சிசிலியா.

“என்னத்துக்கு? நீர் கேக்கப்போறீரோ?”

அவர் அதையும் கொண்டுபோய்க் கடைசி ஒழுங்கையின் கடைசி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். வந்து எண்ணினார். நூற்றுப்பன்னிரண்டு. மனிதர் அன்று மூன்று கோப்பை புட்டு சாப்பிட்டார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பார்த்தீபனின் கடையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். பார்த்தீபன் நேர்மையான பையன், அதுதான் தொல்லை. கீறல் விழுந்தவை, இரட்டையாக வந்தவை, ஞானஸ்நான வீடியோ ஒன்று, ஆங்கிலம் படிப்பிக்கிற சீடி ஒன்று என்று பதின்மூன்றை ஒதுக்கிவிட்டான். மிச்சம் தொண்ணூற்றொன்பது.

“பரவாயில்லை ஐயா. உங்கடை சீடியிலை ஒண்டு எடுக்கிறன் எண்டு அண்டைக்கே சொன்னனான்தானே. அதை வையுங்கோ, நூறு சரி.”

அடைக்கலநாதன் சட்டைப் பையைத் தடவினார். சீடி சட்டைப் பையில் கொள்ளாது என்பது தெரிந்தும் தடவினார். நூற்றெண்பத்தொன்பது வைத்திருந்த மனிதரிடம் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

“ஆறு மணிக்குப் பூட்டுறனோ தம்பி?” என்று அவசரத்தில் வாய் மாறிக் கேட்டார்.

“நீங்கள் இல்லை ஐயா, நான்தான் பூட்டுறது. ஓம், ஆறுக்கு.”

தொண்ணூற்றொன்பதையும் கடையிலேயே விட்டுவிட்டு லெனாட்டின் ஓட்டோவில் குருநகருக்குப் பறந்தார்கள். எதற்குப் பயம்? ஊர் முழுக்கத் தன் சீடி கிடக்கிறது, ஒன்றை இரவலாக வாங்கினால் முடிந்தது. முதலில் பிலிப்பு வீடு. பிலிப்பு கையைக் கொய்யாமரத்துக்கு நீட்டினார். வௌவாலை விரட்டச் சீடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பளபளவென்று நன்றாகத்தான் சுற்றியது. கொப்பில் உரசி உரசி ஒரு பக்கம் வெள்ளையாகப் போயிருந்தது.

“நல்ல சாமான் அடைக்கலம். இப்ப ஒரு வௌவாலும் வாறேல்லை” என்றார் பிலிப்பு.

அடுத்த வீட்டில் தண்ணிக் குடத்துக்கு மூடி. அதற்கடுத்த வீட்டில் பிள்ளைகள் இரண்டு சீடியைச் சில்லாகப் போட்டு ஒரு வண்டி செய்திருந்தார்கள், அரசனின் முகம் நிலத்தில் உருண்டுகொண்டு வந்தது. ஒருவர் வலைத் தடியில் கட்டியிருந்தார், தூரத்திலேயே வெயிலுக்கு மினுங்குமாம். பத்துப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினார். ஒரு வீட்டில்கூட அது செற்றுக்குள் போன அடையாளம் இல்லை. எல்லோரும் அவரைப் பார்த்ததும் சந்தோசமாகவே கதைத்தார்கள், இன்னும் இருந்தால் தாருங்கள் என்றுகூடக் கேட்டார்கள். ஓட்டோவில் திரும்பி ஏறும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. லெனாட் பார்த்தான், பார்க்காத மாதிரி வண்டியைத் திருப்பினான்.

“ஐஞ்சே கால் மாமா. வேறை எங்கை?”

“இனி எங்கையும் இல்லை. வீட்டை விடு.”

வீட்டுக்குப் போகிற வழி சிமியோனின் ஒழுங்கையால்தான். ஓட்டோ படலையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கனத்த குரல். மத்தளத்துக்குச் சற்று முந்தி ஓடுகிற குரல். அடைக்கலநாதனுக்கு அது யாருடையது என்று பிடிபடச் சில விநாடி எடுத்தது. சொந்தக் குரலைப் பிறர் வீட்டிலிருந்து அவர் அதுவரை கேட்டதில்லை.

“பவளத்தீவு ஆளும் மன்னர், பத்துக் கடலுக்கும் அதிபர், பகைவர் நடுங்கும் பாதத்தார் வருகிறார், வருகிறார். பராக்... பராக்...”

இறங்கி ஓடிப்போய் யன்னலால் பார்த்தார். கதிரையில் சிமியோன் இருந்தார். உடம்பு பாதியாகிப் போயிருந்தது. முதல் ‘பராக்’ கேட்டதும் சாரத்தை இழுத்துக் கட்டினார். இரண்டாவதற்குக் கதிரைப் பிடியை ஊன்றி எழும்பினார். தலையை நிமிர்த்தி, முடி இருக்கிற மாதிரி கழுத்தை நேராக்கி, இடக்காலை இழுத்து இழுத்து ஐந்து அடி நடந்தார். அப்போது சீடியில் அரசனின் பாட்டுத் தொடங்கியது. சிமியோன் நின்றுவிட்டார். முகம் சுளித்தது.

“சனியன் பாடத் துவங்கிட்டான். நிப்பாட்டு பிள்ளை. திருப்பி முதல்லையிருந்து போடு.”

யன்னலில் நின்ற அடைக்கலநாதனை ஜெசிதா கண்டுவிட்டாள்.

“வாங்கோ மாமா. ஒரு நாளைக்கு ஆறு தரம் இதுதான் எங்கடை வீட்டிலை. ஆஸ்பத்திரியாலை பிசியோதெரப்பிப் பிள்ளை வந்து மாதக்கணக்காய்க் கெஞ்சியும் கதிரையை விட்டு அசையாத ஆள். புதன்கிழமையிலையிருந்து நடக்கிறார். அதுவும் அந்தக் கட்டியத்துக்கு மட்டும்தான். உங்கடை ராசா பாட்டுத் துவங்கினால் கதிரையிலை இருந்திடுறார்.”

அடைக்கலநாதன் வாசலுக்குள் வந்து நின்றார். ஒன்பது வருடம் கதைக்காத வாய் என்ன கதைக்கும்? வந்த காரியத்தைத்தான் உளறியது.

“சிமியோன் அண்ணை, அந்தச் சீடி எனக்கு வேணும். ஆறு மணிக்குள்ளை குடுத்தால் ஒரு பிளேயர் தருவாங்கள். பேந்து வேறை ஒண்டு தேடித் தாறன்.”

“தரமாட்டன்” என்றார் சிமியோன். நாக்கு தடித்திருந்தாலும் அந்தச் சொல் தெளிவாக வந்தது.

“ராசா பாட்டு சரியில்லை எண்டு நீங்களே சொல்லுறியள்.”

“படு மோசம். ராணி பரவாயில்லை. மந்திரியைச் சுட்டால்கூடப் பாவமில்லை.” சிமியோன் மூச்சு வாங்கினார். “ஆனா முப்பது வருசம் நீ கூப்பிட்டுத்தான் நான் களரிக்கு வந்தனான். வேறை ஒருத்தன் கூப்பிட்டு நான் ஒருநாளும் வந்ததில்லை. உன்ரை சத்தம் இல்லாமல் நான் எப்பிடியடா எழும்பிறது?”

வெளியே லெனாட் ஓட்டோவின் கோனை அடித்துக்கொண்டிருந்தான். ஐந்து நாற்பது. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அடைக்கலநாதன் படலைக்குப் போனார்.

“நீ போ தம்பி. அந்தத் தொண்ணூத்தொன்பதையும் பார்த்தீபனையே வைச்சிருக்கச் சொல்லு.”

“சும்மாவோ மாமா? அப்ப பிளேயர்?”

“சீடி இல்லையாம். அவை தரமாட்டினமாம்” என்றார் அடைக்கலநாதன். இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து லெனாட் குழம்பிப்போனான்.

திரும்பி உள்ளே வந்தபோது சிமியோன் கதிரையில் இருந்து சாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“செற்றை நிப்பாட்டு பிள்ளை. ஆள் நேரிலை நிக்குது. சொல்லடா அடைக்கலம். இண்டைக்குப் படலை மட்டும் போகவேணும்.”

அடைக்கலநாதன் வாசற்படியில் ஏறினார். தொண்டையைச் செருமினார். அரசன் நடக்கிற வேகத்துக்கு இழுத்து இழுத்துக் கட்டியம் சொன்னார். சீடியில் அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அன்றைக்கு முற்றம் முழுக்க நீண்டது. அதிபருக்கு வைத்திருந்த பத்துக் கடலும் போதாமல், மேலே நாலு கடலைக் கூட்டிச் சேர்த்தார். ஒழுங்கையில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிமியோன் படலையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குத் தலையசைத்தார். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்தார். கதிரை மிகவும் தூரத்தில் இருந்தது.

“திரும்பி உள்ளுக்குப் போறதுக்கும் சொல்லு” என்றார்.

அரசன் வருவதற்குத்தான் கட்டியம். வந்த அரசன் திரும்பி வீட்டுக்குப் போவதற்கு எந்தக் கூத்திலும் கட்டியம் கிடையாது. அடைக்கலநாதன் ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, அந்த இடத்திலேயே ஒன்றைக் கட்டத் தொடங்கினார்.